பலகுடி இல்லங்களில் கழிவு அகற்றல் – நந்திதுர்க் தரும் படிப்பினை

ஒரே குடும்பம் தன் சொந்த வீட்டில் வாழுமிடத்தில், குப்பை யாருடைய பொறுப்பு என்ற கேள்வி எழுவதில்லை. பல குடும்பங்கள் ஒரே கட்டடத்தில் வாடகைக்கு வாழுமிடத்திலோ அக்கேள்வியே முதற்கேள்வியாகிறது. உரிமையாளர் பெரும்பாலும் வேறிடத்தில் வசிக்கிறார். குடியிருப்போர் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றனர். படிக்கட்டு, நடைவழி, முற்றம், கழிவுநீர்க்குழி ஆகியவை அனைவருக்கும் பொதுவாக இருப்பதாலேயே எவருக்கும் உரியனவல்ல என்ற நிலையை அடைகின்றன. வாசற்படி வரை தூய்மையாக உள்ள வீடுகளின் நடுவே குப்பை மேடு ஒன்று எழுவதற்குக் காரணம் குடியிருப்போரின் அறியாமை அன்று. வாசற்படிக்கு அப்பால் பொறுப்பு யாருடையது என்பது வரையறுக்கப்படாமையே ஆகும்.

கர்நாடக மாநிலத்தில் கோலார் தங்கவயலின் நந்திதுர்க் சுரங்கப் பகுதியும் அதனையொட்டிய தொழிலாளர் குடியிருப்புகளும் இவ்வுண்மையை நூறாண்டுக்கும் மேலான அனுபவத்தால் விளக்குகின்றன. அவ்வனுபவமும், இன்றைய அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு அதிலிருந்து பெறத்தக்க நடைமுறையும் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

1. நந்திதுர்க்கின் லைன் வீடுகள்

1880-க்குப் பின் ஜான் டெய்லர் கம்பெனியின் நிர்வாகத்தில் தங்கவயல் பெருஞ்சுரங்கத் தொழிலிடமாக வளர்ந்தது. சாம்பியன் ரீப், மைசூர், ஊரிகம், நந்திதுர்க் என்பன அதன் முக்கியச் சுரங்கங்கள். வட ஆற்காடு, சேலம், சித்தூர் முதலிய மாவட்டங்களிலிருந்து வேலை தேடி வந்த மக்கள் அங்கே குடியேறினர். அவர்களுள் தமிழர் பெரும்பான்மையினர். அவர்கள் வசித்த இடங்கள் ‘லைன்கள்’ என்றே வழங்கலாயின. தொடக்கத்தில் மூங்கில் தட்டி கொண்டும், பின்னர் செங்கல் கொண்டும் ஒட்டி ஒட்டிக் கட்டப்பட்ட சிறு வீடுகளின் நீண்ட வரிசைகளே அவை. வீடும் நிலமும் கம்பெனிக்குரியவை. வேலை உள்ளவரை வீடு. வேலை போனால் வீடும் போகும்.

இவ்வீடுகள் மாடிக் கட்டடங்கள் அல்ல. ஆயினும் நெருங்கிய வசிப்பு, ஒரே உரிமையாளர், மாறும் குடியிருப்போர், பொதுவான கழிப்பிடம் என்னும் நான்கு இயல்புகளும் இன்றைய வாடகை அடுக்குமாடியின் இயல்புகளே. ஓர் அடுக்குமாடியைக் கிடத்தி வைத்தால் ஒரு லைனாகும் எனலாம்.

தங்கவயல் பொறியியல் திறனுக்குப் பெயர் பெற்றது. 1902-ஆம் ஆண்டிலேயே காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து இச்சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டுவரப்பட்டது. சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டியது. அத்துணை ஆழத்திலிருந்து பாறையை மேலேற்ற இயந்திரம் கண்ட அவ்விடத்தில், குடியிருப்பின் மலக்கழிவை அகற்ற மட்டும் இயந்திரம் காணப்படவில்லை. பொது எடுப்புக் கக்கூசுகளிலிருந்து அது வாளியிலும் வண்டியிலும் மனிதர் கையாலேயே அகற்றப்பட்டது. அப்பணி பிறப்பின் அடிப்படையில் சில சாதியினர்மீது சுமத்தப்பட்டிருந்தது.

2. உரிமை மாறியது, கை மாறவில்லை

1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. 1962-இல் அவை மத்திய அரசின் வசம் வந்தன. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைக்கப்பட்டது. இவ்வாறு உரிமையாளர் மும்முறை மாறியும் எடுப்புக் கக்கூசும் வாளியும் தொடர்ந்தன.

தங்கவயலில், இத்தகைய பணி செய்த குடும்பமொன்றில் 1966-இல் பிறந்த பெஜவாடா வில்சன் 1980-களில் இவ்வழக்கத்தை எதிர்த்து எழுதவும் மக்களைத் திரட்டவும் தொடங்கினார். எடுப்புக் கக்கூசு கட்டுவதையும் மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதையும் தடை செய்யும் சட்டம் 1993-இல் இயற்றப்பட்டது. அக்கழிப்பிடங்களின் படங்களும் செய்திகளும் வெளியானபின், அவை நீர் ஊற்றும் கழிப்பிடங்களாக மாற்றப்படலாயின. வில்சன் முன்னின்று நிறுவிய சபாய் கர்மசாரி ஆந்தோலன் இப்போராட்டத்தை நாடெங்கும் கொண்டு சென்றது. 2016-இல் அவருக்கு ராமன் மகசேசே விருது வழங்கப்பட்டது.

இத்துடன் கதை முடிந்திருப்பின் நன்று. ஆனால் நீர்க் கழிப்பிடத்தின் கழிவு சென்று சேருமிடம் பல இடங்களில் பாதாளச் சாக்கடை அன்று, குழியே. குழி நிரம்பும், நிரம்பிய குழியை யாரேனும் காலி செய்தாக வேண்டும். 2011-ஆம் ஆண்டு தங்கவயலில் மலக்குழியைத் துப்புரவு செய்ய இறங்கிய மூவர் விஷவாயுவால் உயிரிழந்தனர்.

இந்நிகழ்ச்சியின் விஞ்ஞானக் காரணம் களப் பணியாளர் ஒவ்வொருவரும் அறிய வேண்டியதாகும். காற்றுப்புகாத குழியில் கழிவு சிதையும்போது ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன், கரியமிலவாயு ஆகியவை உண்டாகின்றன. ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது. ஆதலின் குழியின் அடியில் தங்குகிறது. சிறிதளவு இருக்கும்போது அழுகிய முட்டையின் நாற்றம் தரும். பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 100 பங்கை எட்டும்போது முகரும் உணர்வே மரத்துப்போகிறது. நாற்றம் மறைந்தமையைக் கண்டு ஆபத்து நீங்கியதென எண்ணி இறங்குபவர், அளவு இன்னும் சில மடங்கு மிகும் இடத்தில் ஓரிரு மூச்சிலேயே நினைவிழக்கிறார். அவரைக் காப்பாற்ற இறங்குபவரும் அவ்வாறே மடிகிறார். குழி விபத்துகளில் ஒருவர் மட்டுமன்றி இருவர், மூவர் இறப்பதற்குக் காரணம் இதுவே.

2013-ஆம் ஆண்டின் சட்டம், பாதுகாப்புச் சாதனங்களின்றி மலக்குழியையும் சாக்கடையையும் துப்புரவு செய்ய ஆளை அமர்த்துவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. இவ்வாறு இறந்தோரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. 2023-இல் அத்தொகை 30 லட்சமாக உயர்த்தப்பட்டது.

நந்திதுர்க் தரும் படிப்பினை யாதெனில்: கழிவு கைமாறும் இடங்கள் அனைத்தையும் கடைசி இடம் வரை வகுக்காமல், தொடக்கத்திலுள்ள சாதனத்தை மட்டும் மாற்றினால், துன்பம் நீங்குவதில்லை, வாளியிலிருந்து குழிக்கு இடம் மாறுகிறது.

தங்கவயலின் சயனைடு மேடுகளும் இதனையே கூறுகின்றன. தங்கம் பிரித்தபின் எஞ்சிய மூன்று கோடி டன்னுக்கும் மேற்பட்ட பாறைத் தூள் மேடுமேடாகக் குவிக்கப்பட்டது. 2001 பிப்ரவரி இறுதியோடு சுரங்கம் மூடப்பட்டது. தங்கம் போயிற்று, மேடுகள் நிற்கின்றன. காற்று வீசும் காலத்தில் அத்தூள் லைன் வீடுகளுக்குள் படிகிறது. கண்ணுக்கு அப்பால் கொட்டப்பட்டது அகற்றப்பட்டதாகாது.

3. லைன் வீட்டிலிருந்து மாடி வீட்டிற்கு

சுரங்கம் மூடப்பட்டபின் தங்கவயல் மக்களுள் பல்லாயிரவர் நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று வருகின்றனர். சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள அந்நகரமோ அடுக்குமாடிகளின் நகரமாக வளர்ந்துள்ளது. லைன் வீட்டின் பிரச்சினை அங்கே செங்குத்தாக எழுந்து நிற்கிறது.

2012-ஆம் ஆண்டில், பெங்களூரின் குப்பை கொட்டப்பட்டு வந்த மாவள்ளிபுரா கிராமத்தில் எதிர்ப்பு மூண்டு கிடங்கு மூடப்படவே, நகரத் தெருக்களில் குப்பை மலைபோல் குவிந்தது. நகரத்தின் கடைசிக் கை ஒரு கிராமமாக இருந்தது என்பதும், அக்கை மறுத்தவுடன் ஏற்பாடு முழுவதும் நின்றுபோகும் என்பதும் அன்று வெளிப்பட்டன. இதன் விளைவாக, தோன்றுமிடத்திலேயே குப்பையைத் தரம் பிரிக்கும் முறை வலியுறுத்தப்பட்டது. மக்கும் குப்பைக்குப் பச்சைத் தொட்டி, கழித்தொதுக்கும் பொருளுக்குச் சிவப்புத் தொட்டி, உலர்ந்த குப்பைக்கு ஒரு பை என்ற ‘இரு தொட்டி, ஒரு பை’ முறையை 2015 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் நகர மக்களுக்குக் கட்டாயமாக்கியது. 2016-இல் வெளியான மத்திய அரசின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பையைப் பிரித்துக் கொடுப்பதை நாடெங்கும் கடமையாக்கின. பெரிய குடியிருப்புகள் மக்கும் குப்பையைக் கூடியமட்டும் தம் வளாகத்துக்குள்ளேயே பக்குவப்படுத்த வேண்டும் எனவும் அவை கூறின.

மாடிக் கட்டடங்களுக்கு எளிய வழியாகத் தோன்றுவது குப்பைக் குழாய். மேல்மாடியில் போட்டது தானே கீழே விழும். தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் கட்டடங்களில் இதற்கு நெடிய அனுபவம் உண்டு. முன்னர் ஒவ்வொரு வீட்டிற்குள்ளும் குழாய்வாய் இருந்தது. 1989 முதல் எழுந்த கட்டடங்களில் மாடிக்கு ஒரு பொதுக் குழாய்வாய் அமைக்கப்பட்டது. 2014 முதல் புதிய கட்டடங்களில் மறுபயன்பாட்டுப் பொருள்களுக்கெனத் தனிக் குழாயும் சேர்க்கப்பட்டது. குழாயில் விழுவது யாருடையது என்பது தெரியாது. தெரியாததைப் பிரிக்கச் சொல்வது அரிது. கழுவவும் பழுது பார்க்கவும் முறையான பணியாளர் இல்லாத இடத்தில், குழாய் அடைபடும். கரப்பானும் எலியும் அதனை ஏணியாகக் கொள்ளும். நம் நாட்டின் வாடகைக் கட்டடங்களுக்கு மாடிதோறும் கைமாற்றும் முறையே தக்கதாகும்.

4. ஏன் நாள்தோறும் அகற்ற வேண்டும்?

ஈயின் வாழ்க்கை வட்டமே இதற்கு விடை. வெப்பமான பருவத்தில் ஈயின் முட்டை ஒரு நாளுக்குள் பொரிந்து புழுவாகிறது. புழு 4 முதல் 7 நாளில் கூட்டுப்புழுவாகிறது. முட்டையிலிருந்து ஈ வெளிவர மொத்தம் 7 முதல் 10 நாள் போதும். ஆகவே வாரம் ஒரு முறை மட்டும் அகற்றப்படும் தொட்டி, ஈ வளர்க்கும் பண்ணையேயாகும். மக்கும் குப்பையை நாள்தோறும் அகற்றினால் வட்டம் அறுபடுகிறது. உலர்ந்த குப்பையில் ஈ முட்டையிடுவதில்லை. அதனை வாரம் இருமுறை எடுத்தால் போதும். இரண்டையும் கலந்தால் முழுவதையும் நாள்தோறும் சுமக்க நேரிடும். தரம் பிரித்தல் ஒழுக்கம் மட்டுமன்று, சிக்கனமும் ஆகும்.

5. அளவறிதல்

தொட்டி வாங்குமுன் கணக்கிடுதல் அவசியம். நான்கு மாடிகள், மாடிக்கு 8 வீடுகள், வீட்டிற்கு 4 பேர் கொண்ட ஒரு கட்டடத்தைக் கொள்க. மொத்தம் 32 வீடுகள், 128 பேர். நம் நகரங்களில் ஒருவரிடமிருந்து நாளொன்றுக்குத் தோன்றும் குப்பை பொதுவாக 200 முதல் 600 கிராம் வரை எனக் கொள்ளப்படுகிறது. 400 கிராம் என வைத்தால் ஒரு நாளின் குப்பை சுமார் 51 கிலோ.

இதில் பாதி, அதாவது 26 கிலோ, சமையலறைக் குப்பை எனலாம். அது கனமானது, சுமார் 50 லிட்டர் இடத்தையே அடைக்கும். உலர்ந்த குப்பை 18 கிலோவாயினும் இலேசானது; 180 லிட்டர் வரை இடங்கொள்ளும். எஞ்சிய 7 கிலோ பெருக்கிய மண்ணும் கழித்தொதுக்கும் பொருள்களுமாகும். எடையில் குறைந்த உலர் குப்பைக்கே பெரிய இடம் வேண்டும் என்பதை இக்கணக்கு காட்டுகிறது. இதனை அறியாமல் இரண்டிற்கும் ஒரே அளவு தொட்டி வைப்பதால், உலர் தொட்டி இரண்டாம் நாளே வழிந்து, அட்டையும் பையும் ஈரத் தொட்டிக்குள் திணிக்கப்படுகின்றன.

இவை எடுத்துக்காட்டு எண்களே. ஏழு நாள் தொடர்ந்து எடை போட்டு, அந்தந்தக் கட்டடத்துக்குரிய எண்களை அறிந்து திருத்திக்கொள்ளல் வேண்டும்.

6. கைமாற்று முறை

வீட்டிலிருந்து இறுதியிடம் வரை கழிவு ஐந்து இடங்களில் கைமாறுகிறது: வீடு, மாடி நடைவழி, கட்டட முற்றம், வண்டி, இறுதியிடம். ஒவ்வோரிடத்திலும் பெறுபவர் யார், நேரம் எது, செலவு யாருடையது என்பன எழுத்தில் இருக்க வேண்டும்.

(அ) உரிமையாளரின் கடமை: தொட்டிகள், அவை நிற்கும் சிமெண்டுத் தளம், கழுவ நீர், எருத்தொட்டி, கழிவுநீர்த் தொட்டியை இயந்திரம் கொண்டு காலி செய்யும் செலவு ஆகியவை கட்டடத்தைச் சேர்ந்தவை. இவற்றைக் குடியிருப்போர் வசூலித்துச் செய்யட்டும் என விடுதல் கூடாது. இன்றிருப்பவர் அடுத்த ஆண்டு இருப்பதில்லை.

(ஆ) குடியிருப்போரின் கடமை: மக்கும் குப்பை, உலர் குப்பை, சுகாதாரத் துணி முதலிய கழிபொருள், மின்கலம், மருந்து, உடைந்த விளக்கு போன்ற ஆபத்துப் பொருள் என நான்காகப் பிரித்துத் தருதல். கழிபொருளைத் தாளில் சுற்றி அடையாளமிடல் வேண்டும். உடைந்த கண்ணாடியைத் தனியே கட்டித் தருதல், அதனைப் பெறும் கையைக் காப்பதாகும்.

(இ) வாடகை ஒப்பந்தம்: குப்பை தரும் நேரம், பிரிக்கும் முறை, பொறுப்பாளரின் பெயர் ஆகியவை ஒப்பந்தத்தின் ஒரு பகுதியாக இருத்தல் நலம். புதிதாக வருபவருக்குச் சாவி கொடுக்கும் நாளிலேயே இரு தொட்டிகளும் ஒரு பையும் கொடுத்தால், விதி சொல்லாகவன்றிப் பொருளாகவே கையில் சேரும். வீட்டைக் காலி செய்பவரின் பழைய மெத்தை, மரச்சாமான் முதலியவற்றை அகற்றும் ஏற்பாடும் அதில் குறிப்பிடப்பட வேண்டும். வாடகைக் கட்டடங்களின் முற்றத்தில் குவிபவற்றுள் பெரும்பகுதி இவையே.

(ஈ) மாடிப் பொறுப்பாளர்: மாடிக்கு ஒருவர், மாதமுறையில். குப்பை சுமப்பது அவர் வேலையன்று; பிரிக்கப்படாத தொட்டியைக் கண்டால் அன்றே அவ்வீட்டாரிடம் கூறுவதே அவர் வேலை. எட்டு வீடுகளுக்குள் ஒருவர் மற்றவரை அறிவார். முப்பத்திரண்டு வீடுகளுக்குள் அறியமாட்டார். பொறுப்பை மாடி அளவில் வைப்பதன் காரணம் இதுவே.

(உ) தூய்மைப் பணியாளர்: கையுறை, காலணி, சக்கரம் பொருத்திய தொட்டி, கை கழுவ இடம், முறையான ஊதியம், வார விடுப்பு ஆகியவை அவருக்குக் கருணையால் தரப்படுபவையல்ல, ஏற்பாட்டின் உறுப்புகள். கலந்த குப்பையை அவர் கையால் பிரிக்கும்படி விடப்படுமாயின், வாளியின் காலம் இன்னும் முடியவில்லை என்றே பொருள். கழிவுநீர்த் தொட்டிக்குள் எக்காரணத்தாலும் ஆள் இறங்குதல் கூடாது. உறிஞ்சு வண்டியின் தொலைபேசி எண்ணும் கடைசியாகக் காலி செய்த தேதியும் தொட்டியின் அருகே சுவரில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

7. மக்கும் குப்பை எருவாதல்

நகரக் குப்பையை எருவாக்கும் விஞ்ஞானத்தில் இந்தியாவுக்குத் தனியிடம் உண்டு. ஆல்பர்ட் ஹோவர்டு 1924 முதல் 1931 வரை இந்தூரில் வகுத்த முறையில் குவியல் அவ்வப்போது கிளறப்பட்டுக் காற்று ஊட்டப்படும். 1939-இல் பெங்களூரில் சி. என். ஆசார்யா வகுத்த முறையில் குப்பையும் மலக்கழிவும் குழிகளில் அடுக்கடுக்காக இடப்பட்டு மண்ணால் மூடப்படும், கிளறுதல் இல்லை, ஆறு முதல் எட்டு மாதத்தில் எரு கிடைக்கும். பின்னது அக்காலச் சிறு நகரங்களுக்குப் பயன்பட்டது. ஆயினும் மலக்கழிவை மனிதரே கொண்டுவந்து சேர்க்க வேண்டியிருந்தமையால், இன்று குடியிருப்புகளில் அதனைக் கைக்கொள்ளலாகாது. சமையலறைக் குப்பைக்குக் காற்றோட்ட முறையே உகந்தது.

மேற்கூறிய கட்டடத்துக்கு 1.2 மீட்டர் நீள அகல உயரமுள்ள, பக்கங்களில் துளைவிட்ட மூன்று செங்கல் தொட்டிகள் போதும். நாள்தோறும் 26 கிலோ சமையலறைக் குப்பையுடன் மூன்றிலொரு பங்கு காய்ந்த சருகு அல்லது மரத்தூள் கலந்து இட வேண்டும். சருகு இரு வகையில் உதவுகிறது. முதலாவதாக, கரியும் நைட்ரஜனும் ஏறத்தாழ 30-க்கு 1 என்ற விகிதத்தை நெருங்கும். இரண்டாவதாக, மிகுந்த ஈரத்தை உறிஞ்சிக் காற்றுக்கு வழிவிடும். ஒரு பிடி எருவைப் பிழிந்தால் கை நனைய வேண்டும். நீர் சொட்டக் கூடாது. வாரம் ஒரு முறை கிளற வேண்டும்.

சரியாக நடைபெறும் குவியலின் உட்புறம் 55 முதல் 65 டிகிரி செண்டிகிரேடு வரை சூடேறும். நோய்க் கிருமிகளும் ஈப்புழுக்களும் அச்சூட்டில் மடியும். முதல் தொட்டி ஒரு மாதத்தில் நிரம்பும். பின்னர் இரு மாதம் ஓய்வு. அதற்குள் மற்ற இரண்டும் நிரம்பும். நான்காம் மாதத் தொடக்கத்தில் முதல் தொட்டி காலி செய்யப்பட்டு மீண்டும் பயனுக்கு வரும். நாற்றம் எழுந்தால் ஈரம் மிகுந்துள்ளது அல்லது காற்றுக் குறைந்துள்ளது எனக் கொண்டு, சருகு சேர்த்துக் கிளறுக. சூடே இல்லையேல் நீர் தெளிக்க.

8. பள்ளியிலும் களத்திலும்

ஆசிரியர்களுக்கு: இரு கண்ணாடிச் சாடிகளில் காய்கறித் தோலை இட்டு, ஒன்றில் சருகு கலந்து துணியால் மூடியும், மற்றதில் சருகின்றி இறுக மூடியும் பத்து நாள் வைக்கச் செய்க. நிறம், நாற்றம், ஈரம் ஆகியவற்றை மாணவர் நாள்தோறும் குறிக்கட்டும். இறுக மூடிய சாடியைத் திறக்கும்போது முகத்தை விலக்கித் திறந்த வெளியிலேயே திறக்க வேண்டும். மலக்குழியின் வாயுவைப் பற்றிய பாடத்திற்கு இதனைவிடச் சிறந்த தொடக்கம் இல்லை. அடுத்து, தத்தம் வீட்டுக் குப்பை எந்தெந்தக் கைகளின் வழியாக எங்கே சென்று முடிகிறது என்று ஒவ்வொரு மாணவரும் விசாரித்து எழுதி வரட்டும். பெரும்பாலோர் இரண்டாம் கைக்கு அப்பால் அறியாதிருப்பதைக் காணலாம்.

களப் பணியாளர்களுக்கு: ஒரு கட்டடத்தை ஆய்வு செய்யும்போது பின்வரும் வினாக்களுக்கு விடை காண்க.

(1) உரிமையாளர் யார், அவர் சார்பில் கட்டடத்திலேயே இருப்பவர் யார்?
(2) ஐந்து கைமாற்றங்களுள் பெறுபவர் பெயர் தெரியாத இடம் எது?
(3) குப்பை பிரிக்கப்படுவது வீட்டிலா, தூய்மைப் பணியாளரின் கையிலா?
(4) கழிவுநீர்த் தொட்டி கடைசியாக எப்போது, எவ்வாறு காலி செய்யப்பட்டது?
(5) இவ்வாண்டு புதிதாக வந்த குடும்பங்களுக்கு முறையை விளக்கியவர் யார்?

இரண்டாம் வினாவுக்கும் நான்காம் வினாவுக்கும் விடை கிடைக்காத கட்டடத்தில், முற்றம் எவ்வளவு தூய்மையாகத் தோன்றினும், ஏற்பாடு நிறைவுற்றதாகக் கொள்ளலாகாது. தூய்மையின் அளவுகோல் முன்வாசல் அன்று. கழிவைக் கடைசியாகப் பெறுபவர் நலமாக வீடு திரும்புகிறாரா என்பதே ஆகும்.